இருநூறு மீட்டர் கல்

தீப்பெட்டி ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் பெட்டி அடைத்தவளுக்குத் தூரம் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மருந்து கலக்கும் கொட்டகைக்கும் பெட்டி அடைக்கும் கொட்டகைக்கும் நடுவே இத்தனை மீட்டர் வெறும் தரை இருக்க வேண்டும் என்று அங்கே சுவரில் எழுதியிருக்கும். ஒருமுறை முதலாளி அந்த வெறும் தரையில் ஒரு தகரச் சாய்ப்பு போட்டார். சுடலைச்செல்வி வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். பின்னாலேயே நாற்பது பெண்கள் எழுந்தார்கள். சாயங்காலத்துக்குள் சாய்ப்பைப் பிரித்தாகிவிட்டது. அளந்து பார்க்காத விதி வெறும் சுவர்க் கிறுக்கல் என்று அன்றைக்கே அவள் முடிவு கட்டிவிட்டாள்.

அதனால்தான், பக்கத்துப் பேரூராட்சி தன் குப்பையை எல்லாம் உடைமரத்துப்பட்டி ஊருணியை ஒட்டிய புறம்போக்கில் கொட்டப்போகிறது என்று சேதி வந்தபோது, ஊரே மண்ணை வாரித் தூற்ற, அவள் மட்டும், "எத்தனை மீட்டர் தள்ளி?" என்று கேட்டாள்.

குடிக்க, உலை வைக்க, அவளுடைய பதினோரு ஆடுகளுக்குக் காட்ட, எல்லாவற்றுக்கும் அந்த ஊருணிதான். கோடையில் மூன்று மாசம் வற்றிக் கிடக்கும். மற்ற மாசமெல்லாம் அதை நம்பித்தான் ஊர். ஒரே ஒரு மழைக்குக் குப்பைச்சாறு அதில் இறங்கினால் போதும், கதை முடிந்தது.

கொழுந்தன் கருத்தையாவிடம் தயாராக ஒரு வைத்தியம் இருந்தது.

"மதினி, எதுக்கு வெசனப்படுதீங்க? ஒரு கல்லை நட்டு, மஞ்சத்துணியைச் சுத்தி, மூணு எலுமிச்சம்பழத்தை வச்சிருவோம். பெறகு எந்த ஆபீசர் கிட்ட வாரான்னு பாப்போம். ரோடு போட வந்தவனையே அப்படித்தான வளைச்சு விட்டோம்?"

"கல்லுக்குப் பயந்து ஓடுத ஆபீசர், கல்லு இல்லாத ஊருல போய்க் கொட்டுவான். அவனுக்குப் பயம் காட்டி என்ன செய்ய? பதில் சொல்ல வைக்கணும்."

"சாமிய விட ஒங்க சட்டம் பெருசாக்கும்?"

"சாமிகிட்ட கேட்டா எப்ப பதில் வரும்னு தெரியாது. தகவல் சட்டத்துல கேட்டா முப்பது நாளுல வந்தாகணும், கொழுந்தனாரே."

கருத்தையா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனாலும் விளாத்திகுளத்திலிருந்து ஒரு நல்ல கருங்கல்லை வாங்கிவந்து வீட்டு வாசலில் சாத்தி வைத்தான். எதற்கும் இருக்கட்டுமே!

தகவல் சட்டத்தில் அவள் போட்ட மனுவுக்குப் பதில் பதினோரு நாள் பிந்தி வந்தது. 'தளம் பார்வையிட்ட நாள்: மே 14. அருகில் நீர்நிலை ஏதும் இல்லை. விளையாட்டுத் திடல் ஒன்று உள்ளது.' சுடலைச்செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். மே மாசத்தில் ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஊர்ப் பையன்கள் அதற்குள் இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். வந்தவர்கள் மூன்று குச்சியைப் பார்த்திருக்கிறார்கள், சுற்றியிருந்த கரையைப் பார்க்கவில்லை. ஒரு ஊர் குடிக்கும் தண்ணீரைக் காகிதத்தில் வற்ற வைக்க அவர்களுக்கு ஒரு பத்து நிமிஷம் பிடித்திருக்கும். ஊரில் ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேட்க அந்தப் பத்து நிமிஷத்தில் இடமில்லை.

தீப்பெட்டி ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் போனில் திடக்கழிவு விதிகளைத் தேடி எடுத்து, நாற்பது பெண்களுக்கும் உரக்கப் படித்தாள். குப்பை நிரப்பும் இடம் குளத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குடியிருப்பிலிருந்தும் அதே இருநூறு. திங்கட்கிழமை மனுநாளில் தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தாள். திரும்ப அளக்கச் சொல்லி உத்தரவு வந்தது.

அளக்க வந்தது ஐப்பசியில், இரண்டு நாள் விடாமழைக்கு மறுநாள். மழைக்குப் பிறகு கரிசலில் சைக்கிளைக்கூட யாரும் இறக்கமாட்டார்கள். இளநிலைப் பொறியாளர் மணிகண்டபிரபு ஜீப்பையே இறக்கிவிட்டார். சக்கரம் அச்சுவரை புதைந்தது. இறங்கி நடந்தார். பத்தடியில் ஒவ்வொரு பூட்சும் மூன்று கிலோ கனத்தது.

"சார், பூட்ஸைக் கழத்தி கையில வச்சுக்கோங்க. இல்லைன்னா நாங்க ஒங்களையும் சேத்துல்லா இழுக்கணும்!" என்றாள் சுடலைச்செல்வி. ஊரே சிரித்தது. அவரும் வேறு வழியில்லாமல் சிரித்து, வெறுங்காலோடு கரையேறினார். ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே ஊருணி விளிம்பு தொட்டு நிறைந்து கிடந்தது. இரண்டு கொக்குகள் வேறு.

"இதுதான் சார் ஒங்க விளையாட்டுத் திடல். ஸ்டம்பு எங்கன இருக்குன்னு பாருங்க."

"போன தடவை வந்தது நான் இல்லம்மா," என்றார் அவர், குரல் இறங்கி.

"யாரு வந்தாலும் கையெழுத்து ஆபீசோடதுதான, சார்? டேப்பைப் பிடிங்க."

முப்பது மீட்டர் டேப். தண்ணீர் விளிம்பிலிருந்து இரண்டு முழு டேப், மேலே இருபத்து நாலு. குப்பைக்குக் குறித்த எல்லைக் குச்சி வந்துவிட்டது. எண்பத்து நாலு மீட்டர்! அதை அங்கேயே எழுதச் சொன்னாள். எழுதியதை எல்லோரும் கேட்க வாசிக்கச் சொன்னாள். மணிகண்டபிரபு வாசித்தார். "நீர்நிலை உள்ளது" என்ற இடத்தில் பெண்கள் குலவையிட்டார்கள். டிராக்டர் வந்து ஜீப்பை இழுக்கும்வரை அவருக்குக் கம்மங்கூழும் மோர் மிளகாயும் கிடைத்தன. இரண்டாம் செம்பை அவரே கேட்டு வாங்கினார்.

பத்தாம் நாள் இடம் ரத்தானதாகக் கடிதம் வந்தது. புதிய இடத்தைத் தண்ணீர் நிற்கும் காலத்தில், அந்தந்த ஊர்க்காரர் முன்னால் அளந்தே குறிப்பதாகவும் அதில் இருந்தது. அந்த ரெண்டாவது வரியைத்தான் சுடலைச்செல்வி மூன்று தடவை படித்தாள். பிறகு கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"அந்தக் கல்லைத் தூக்கிட்டு வாங்க."

"அப்படி வாங்க வழிக்கு!" என்று கருத்தையா துள்ளிக்கொண்டு தூக்கிவந்தான். அவள் தண்ணீர் விளிம்பிலிருந்து சரியாக இருநூறு மீட்டரில் குழி தோண்டச் சொன்னாள். கல்லை நட்டு, 'இதற்கு உள்ளே குப்பை கூடாது. 200 மீ.' என்று வெள்ளைப் பெயின்டில் எழுதினாள்.

மறுநாள் காலையில் பார்த்தால் கல்லுக்கு ஒரு செவ்வந்தி மாலை விழுந்திருந்தது. கருத்தையா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுடலைச்செல்வி மாலையைக் கழற்றி ஆடுகளுக்குப் போட்டாள். அவை ஒரு பூ விடாமல் தின்றுவிட்டு, தண்ணீர் குடிக்க ஊருணியைப் பார்த்து ஓடின.