தூக்க முடியாத கையோடு இண்டூருக்கு

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். எழுபத்தொண்ணு ஐப்பசி பூரா என் பொண்டாட்டி ராஜம்மாதான் எனக்குச் சட்டை மாட்டிவிட்டாள். எனக்கு வயசு நாற்பத்தாறு. வலது தோள்பட்டை இறுகிப்போய், கை நெஞ்சுக்கு மேலே ஏறாது. தலை சீவிவிடுவதும் அவள்தான். வகிட்டை மட்டும் வேண்டுமென்றே பக்கம் மாற்றி எடுப்பாள்.

இப்போது சிரிக்கிறேனே தவிர, அப்போது உள்ளே பயம்தான். பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுவது என் வேலை. கொதிக்கிற கொப்பரையில் ஆளுயரத் துடுப்பைப் போட்டுக் கிண்டணும். "தை மூணாந்தேதி அடுப்பு பத்த வெக்கறோம். அதுக்குள்ள கை வந்தா வா, இல்லாட்டி மாரண்டஹள்ளிக்காரனை வெச்சுக்கறேன்" என்று ஆலைக்காரர் சொல்லிவிட்டார். எனக்கு அது இருபது வருச இடம்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன். காலை ஆறரைக்குப் பாலக்கோட்டில் பஸ். தர்மபுரிக்குப் பதினாலு மைல், டிக்கெட் எழுபது பைசா. அங்கே ஒரு டீ. எட்டேகாலுக்குப் பென்னாகரம் பஸ்ஸில் ஏறி, வழியில் இண்டூரில் இறங்கணும். எட்டு மைல், நாற்பது பைசா. ரோட்டிலிருந்து கால் மைல் நடந்தால் முனியம்மாக்கா வூடு. எலும்பு, சுளுக்கு, பிடிப்பு எல்லாம் பார்ப்பவர். வழி கேட்கவே வேண்டாம், விந்தி விந்தி நடப்பவர்கள் பின்னாலேயே போனால் போதும்.

வாசலில் எனக்கு முன்னால் நாலு பேர். இடுப்புப் பிடித்தவருக்கு வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம். முட்டி வலிக்கிற அம்மாவுக்கு விளக்கெண்ணெய் தடவி, நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீர். கழுத்து திரும்பாத மாட்டு வியாபாரியிடம், "ரெண்டு தலகாணி வெக்காதீங்க" என்றதோடு சரி. கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டவருக்கு மூங்கில் பத்தை வைத்து, உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் பூசி ஒரு கட்டு. அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. அத்தனை அழகு, கட்டோடு கல்யாண வூட்டுக்கே போகலாம்.

அக்கா என் தோளை அமுக்கிப் பார்த்தார்.

"எத்தினி நாளா துண்டுல தொங்க விட்டுருக்கீங்க?"

"ரெண்டு மாசமுங்க."

"யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. தொங்கவிட்டால் டீக்கடை பெஞ்சில் எழுந்து இடம் கொடுத்தார்கள். அதைச் சொன்னேன்.

"எலும்பு நல்லா இருக்குது. அசைக்காம வெச்சு நீங்களே பூட்டிக்கிட்டீங்க. துண்டை அவுத்துத் தலையில கட்டுங்க."

"கட்டு போடலீங்களாக்கா? இருபத்திரண்டு மைல் வந்துட்டு வெறுங்கையோட போனா எம் பொண்டாட்டி நம்ப மாட்டாளுங்க."

"வேணும்னா வாயில ஒரு கட்டு போடறேன்."

வாசலே சிரித்தது. இடுப்புப் பிடித்தவர் மட்டும் பாதிச் சிரிப்பில் "அய்யோ" என்றார்.

பிறகு கிணத்தடிக்குக் கூட்டிப்போனார். ராட்டினத்துக் கயிற்றின் ஒரு முனை நல்ல கையில், மறுமுனை வராத கையில். நல்ல கை கீழே இழுத்தால் மற்றது மேலே போகும். போயிற்று, கண்ணில் தண்ணியும் வந்தது. "தாங்கற அளவுக்குத்தான், மல்லுக்கட்ட வேணாம்" என்றார். வூட்டுக்குப் போனால் சுவரில் விரலால் மேலே நடக்கணும், எட்டின இடத்தில் கரிக்கோடு போடணும். காலையில் பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை.

கோடு வாரத்துக்கு ரெண்டு விரல்கடை ஏறியது. ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி எட்டாத உயரத்தில் ஒரு கோடு போட்டேன். ராஜம்மா அதை ஈரத்துணியால் அழித்தாள்.

தை மூணாந்தேதி கோடு என் கண் உயரத்தில் இருந்தது. துடுப்பைப் பிடித்தேன். ஆலைக்காரர் கொப்பரையைப் பார்க்கவில்லை, என் தோளையே பார்த்துக்கொண்டு நின்றார். தோள் சுருக்கென்றது, ஆனால் கை நிற்கவில்லை. பதம் வந்து கொப்பரையை இறக்கியதும், "மாரண்டஹள்ளிக்கு ஆள் அனுப்ப வேணாம்" என்றார்.

போகிறவர்களுக்கு: அக்கா செவ்வாய்க்கிழமை பார்ப்பதில்லை. லூசான சட்டை போட்டுப் போங்கள். எலும்பு முறிந்து தோல் கிழிந்திருந்தாலோ, காய்ச்சலோடு முட்டி வீங்கினாலோ இண்டூருக்கு வராமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார். முக்கியமாக, யாரும் சொல்லாமல் கையைத் துண்டில் கட்டாதீர்கள். டீக்கடை பெஞ்சு அவ்வளவு ஒண்ணும் சுகமில்லை.

பொங்கல் கழிந்து மறு வாரம் ஞாயிற்றுக்கிழமை, புது வெல்லம் ரெண்டு அச்சு எடுத்துக்கொண்டு அக்காவிடம் சொல்லிவிட்டு வரப் போனேன். திரும்பி ரோட்டுக்கு வந்தபோது தூரத்தில் பஸ் தெரிந்தது. வலது கையைத் தூக்கினேன். முதல் தடவையாகத் தலைக்கு மேலேயே போயிற்று. பஸ் நின்றது. ஏறிக்கொண்டேன். தர்மபுரி பஸ் எதிர்ப் பக்கத்தில் வரும். இது பென்னாகரம் போயிற்று.