வாய் முந்திக்கொண்ட தோத்திரம்

ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் நடந்தது இது. மெர்லிமாவ் ரப்பர் தோட்டத்தில் கைநாட்டுக்காரனாகவே இருந்து கூலிகளை மேய்க்கும் கங்காணி ஆனவன் நான். அப்பேர்ப்பட்ட என்னை விட்டுவிட்டு, நேற்று வந்த தேவசகாயத்தைப் பெரிய கங்காணியாக்கினார் துரை. எனக்கு வயிறு எரிந்தது. பால் வெட்டும் கத்தியோடு அவன் வாசலில் போய், "வெளியே வாடா!" என்று கத்தினேன்.

வந்தவன் கைகூப்பி, "தோத்திரம் அண்ணே" என்றான்.

யார் தோத்திரம் சொன்னாலும் கிறிஸ்தவர்களான எங்கள் வேதக்காரர்களுக்கு வாய் தானாகத் திருப்பிச் சொல்லிவிடும். "தோத்திரம் தம்பி" என்றுவிட்டேன். ஆண்டவரைத் துதித்த அதே வாயால் அடுத்து எப்படித் திட்டுவது?

"கத்திய வச்சிட்டுக் கோப்பி குடிங்கண்ணே. சீனி தூக்கலாப் போடவா?"

குடித்தேன். என் வீட்டுக் கோப்பியைவிட ருசி. அதற்கும் பொறாமைப்பட்டேன்.

எல்லாம் என் சாமர்த்தியத்தால் சாதித்தேன் என்று இன்றும் மார்தட்டுவேன். அன்று என் கையைப் பிடித்து நிறுத்தியது மட்டும் கர்த்தர்தான்.