கனம் பார்த்த கை

உம்மல் குல்சும் கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பே போர்டு எழுதி மாட்டிவிட்டாள். கோட்டைமேட்டு வீதியில் 'கம்ப்யூட்டர் டைப்பிங்' என்று பச்சை எழுத்து பளபளத்தது. கடைக்குள் இருந்ததோ பன்னிரண்டு வருடம் தேய்ந்த ஒற்றை டைப்ரைட்டர். தொண்ணூற்றேழில் கல்லூரிப் பிள்ளைகள் டைப்ரைட்டர் எழுத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர் வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

"ஏனுங்க அக்கா, போர்டுலயே டைப் அடிச்சுக் குடுப்பீங்களா?" என்று கேட்டார் எதிர்க்கடை பஷீர்.

"வெள்ளிக்கிழமை வந்து பாருங்க" என்றாள். வார்த்தையை விட்டாகிவிட்டது. பின்வாங்குகிற ஆள் இல்லை அவள்.

கம்பெனியே பூட்டி விற்கும் முழு செட் கைக்கு எட்டாது. காசுமாலையை விற்றுப் பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டுவது என்று முடிவு செய்தாள். கல்யாணத்துக்கு முன்பு அத்தாவின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் செம்புக் கம்பியில் காயில் சுற்றியவளுக்கு ஸ்குரூடிரைவர் புதிதா என்ன?

காந்திபுரத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரர் லட்சுமணசாமி முதல் நாள் அவளைப் பேசவே விடவில்லை. "ஊட்டுக்காரரைக் கூட்டியாங்க அம்மணி, பேசிக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். மறுநாள் கணவன் ரசாக்கைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். மதர்போர்டு, ராம் என்று கடைக்காரர் கால் மணி நேரம் விளக்கியதை எல்லாம் பொறுமையாகக் கேட்ட ரசாக், "எனக்கு ஃபேனு சுவிட்சு மட்டும்தானுங்க தெரியும். அவளைக் கேளுங்க" என்று முடித்துக்கொண்டார்.

அவள் விலைப்பட்டியலைத் தொடவே இல்லை. "ரிப்பேருன்னு திரும்பி வந்ததெல்லாம் எங்கீங்க போட்டு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். மூலையில் ஒரு அட்டைப்பெட்டி. அதைக் கிளறி, எந்தக் கம்பெனிப் பெயர் அதிகம் கிடக்கிறது என்று பார்த்து, அந்தப் பெயர்களை ஒதுக்கினாள். மதர்போர்டும் ராமும் ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான் தேறின.

மிச்சம் எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கரண்டை வாங்கி மற்றப் பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. அது சொதப்பினால் மொத்தமும் கருகிவிடும். மேஜையில் இரண்டு பெட்டிகள் இருந்தன, இரண்டிலும் ஒரே வாட்ஸ். கோயமுத்தூரில் மோட்டார் வாங்குகிறவர் செய்வதைத்தான் அவளும் செய்தாள்: கையில் தூக்கிப் பார்த்தாள். கனம் இருந்தால் செம்பு இருக்கிறது என்று அர்த்தம். கனமானதைக் காட்டி, "இதையே போடுங்க" என்றாள்.

பையில் வைக்கத் தூக்கியபோது பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. செம்பு இப்படி ஓரத்தில் போய் உட்காராதே! அவளுக்குச் சுருக்கென்றது.

"கழட்டிப் பார்க்கோணுங்க."

"சீலை உடைச்சா நீங்கதான் எடுத்துக்கோணும். அப்புறம் வாரண்டி கேக்கக் கூடாதுங்க."

"சரிங்க" என்று சொல்லிக்கொண்டே உடைத்தாள்.

உள்ளே பாதி சர்க்யூட் போர்டு வெறிச்சென்று கிடந்தது. காயில் இருக்க வேண்டிய இடத்தில் துண்டு வயர். ஓரத்தில், ஸ்குரூ போட்டு முடுக்கிய ஒரு இரும்புத் தகடு. இந்த ஊர்க்காரர்கள் கனம் பார்த்து வாங்குவார்கள் என்று தெரிந்தே எவனோ வைத்த கனம்! அவளுக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது; தன் கை மேலும் கோபம்தான். இன்னொரு பெட்டியையும் கேட்காமலே கழற்றினாள். அதில் காயில்கள் நெருக்கமாக, ஒழுங்காக இருந்தன.

லட்சுமணசாமியின் முகம் செத்துவிட்டது. "நானும் கனம் பாத்துத்தானுங்க வாங்கிப்போட்டேன்" என்றார். சீல் பேச்சு அதோடு நின்றது. அவள் லேசான பெட்டியை எடுத்துக்கொண்டாள். "இந்தத் தகட்டையும் குடுங்க" என்று கேட்டு வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து பஷீர் வந்தார். பக்கத்து வெல்டிங் பட்டறையில் பற்றவைத்தபோது கடை விளக்கு மங்கிற்று. அவள் பூட்டிய கம்ப்யூட்டர் மட்டும் அசராமல் ஓடிக்கொண்டிருந்தது. குல்சும் காகிதக் கட்டின் மேலிருந்த தகட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கனமா இருக்குதுங்களா?"

"ஆமாங்க அக்கா."

"இதைத்தான் என் தலையில கட்டப் பாத்தாங்க. நான் வாங்கலை. இப்ப போர்டைப் படிச்சுப்போட்டுச் சொல்லுங்க, என்ன டைப் அடிக்கோணும்?"