சாப்பிடாமல் போட்ட ஊசி

செய்தி வந்தபோது ஒரு பூனையின் தோளில் முடியை மழித்து, சர்க்கரை அளக்கும் சென்சாரை ஒட்டிக்கொண்டிருந்தேன். சுங்கை சிப்புட்டிலிருந்து லெட்சுமி அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர் அழைத்தார். "அக்கா காலையில எழுந்திரிக்கல லா. கதவ உடைச்சுப் பார்த்தோம். போயிட்டாங்க." என் கை அது பாட்டுக்கு வேலையை முடித்தது. அக்கா பழக்கிய கை.

ஈப்போவில் எங்கள் விலங்கு மருத்துவ நிலையத்துக்கு வந்த உங்களில் பலருக்கு, இனிப்பு நீர் எனும் சர்க்கரை நோய் கண்ட பூனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தவர் எங்களோடு வேலை பார்த்த அக்காதான். ஒருமுறை பீடோரிலிருந்து வந்தவர், பூனை காலையில் சாப்பிடவில்லை, ஆனாலும் இன்சுலினைப் போட்டுவிட்டேன் என்றார். சோர்ந்து கிடந்த பூனையின் ஈறில் தேனைத் தடவிக்கொண்டே அக்கா அவரைத் திட்டித் தீர்த்தார். "சாப்பாடு இறங்கலன்னா போன்ல சென்சார் காட்டுற சீனி நம்பர பாருங்க, டாக்டருக்குக் கூப்பிடுங்கன்னு எத்தன தடவ சொல்றது? சீனி ஏறினா மெதுவாக் கொல்லும். இறங்கினா உடனே கொல்லும் லா!" அந்தப் பூனை பிழைத்துக்கொண்டது.

அக்காவுக்கும் இனிப்பு நீர்தான். அந்தச் சென்சார் மனிதர்களுக்காகச் செய்தது. பூனைக்கு நாங்கள்தான் ஒட்டுகிறோம். "நீங்களும் ஒண்ணு ஒட்டிக்குங்கக்கா" என்றேன். "பூனைக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு வாய் இல்லையா?" என்று சிரித்தார்.

வாய் இருந்தது. சொல்லவும் செய்தார். தைப்பூச விரதத்தில் இரவு மட்டும்தான் சாப்பாடு. "மருந்துக்கு ஏது விரதம்? காலையில ஊசிய எப்பவும்போல போட்டுட்டேன்" என்று என்னிடமே சொன்னார். ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் புத்தி சொன்னவர்! அன்று மாலை அவருக்கு வேர்த்துக் கொட்டியது, விரல்கள் நடுங்கின. "தல சுத்துது தம்பி" என்றார். ஒரு பூனை அப்படி நடுங்கியிருந்தால் ஓடியிருப்பேன். அக்காவிடம், "விரதம்னா அப்படித்தான்கா, வீட்டுக்குப் போய்ப் படுங்க" என்றேன். போய்ப் படுத்தார். மறுநாள் காலையில் கதவை உடைத்தபோது, ஆக்கிய சோறு தொடாமல் அப்படியே இருந்ததாம்.

சாவு வீட்டில் ஓர் அம்மா, "விரதத்துல போயிருக்காங்க, கொடுத்து வச்சவங்க. முருகன் கூப்பிட்டுக்கிட்டார்" என்றார். முருகனுக்கு ஏன் இந்தப் பழி? சீனி இறங்கியது. நாங்கள் அதற்குப் பக்தி என்று பெயர் வைத்தோம். அங்கே கும்பிட்டுவிட்டு மட்டும் வந்தேன்.

இப்போது பூனையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், "உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கா? இன்னைக்குச் சாப்பிட்டீங்களா?" என்று முதலில் கேட்கிறேன். "நான் நல்லாத்தான் இருக்கேன், பூனையப் பாருங்க லா" என்று சிலர் எரிந்து விழுகிறார்கள். விழட்டும். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு கேள்விதான். எட்டு வருடம் பக்கத்திலேயே நின்றேன்; அவரிடம் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.