துணியை விட்டுப்போன திருடன்

இன்று ஈஸ்டர். காலையிலிருந்து கைபேசியில் வாழ்த்துப் படங்கள் வந்து குவிகின்றன. ஒன்றில் கல்லறை திறந்திருக்கிறது, உள்ளே வெளிச்சம், தரையில் துணிகள் கண்டபடி கலைந்து கிடக்கின்றன. அனுப்பியவர் நல்ல மனிதர்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரசு பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஆரணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நெசவாளர் தெருவில் ஒற்றை அறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரரின் மருமகள் சரசு, என்னைவிட இரண்டு வயது இளையவள். தறியிலிருந்து இறங்கும் பட்டுச்சேலைகளை மடிப்பது அவள் பொறுப்பு. ஓரம் ஒரு நூல் பிசகினாலும் பிரித்து மறுபடி மடிப்பாள். நானோ துவைத்ததை அப்படியே பெட்டியில் அமுக்குகிற ரகம். "இன்னாக்கா இது, பொட்டியா குப்பத்தொட்டியா?" என்பாள்.

என் அறைச் சுவரில் ஓர் ஆணி. அதில் தம்பியின் கட்டம்போட்ட சட்டை. பொங்கலுக்கு வந்தவன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று வேறு சட்டைக்கு மாறி, "தொவச்சு வெய்க்கா, அடுத்த வாட்டி எடுத்துக்கிறேன்" என்று ஓடினான். அடுத்த வாட்டி வரவில்லை. மஞ்சள் காமாலை. சட்டையை நான் துவைக்கவில்லை, தொடவுமில்லை. அதிலிருந்த எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை போய்விடுமோ என்று பயம். சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

மறுவருடம் ஈஸ்டர் காலையில் பாயிலேயே கிடந்தேன். சரசு எட்டிப் பார்த்தாள்.

"இன்னிக்கி உங்க சாமி எழுந்த நாளாச்சே. போவலியாக்கா?"

"எழுந்தாரோ என்னமோ. யாராச்சும் பொணத்தத் திருடிட்டுப் போயிருப்பாங்க" என்றேன். அவ்வளவு கசந்து போயிருந்தேன்.

அவள் உட்கார்ந்து முழுக்கதையும் கேட்டாள். பிடிக்காத பாடத்தை ஒப்பிப்பதுபோல் சொன்னேன். சீடர்கள் உள்ளே போனார்கள், உடல் இல்லை, சுற்றியிருந்த துணி கிடந்தது, தலைத்துணி மட்டும் சுருட்டித் தனியாக வைத்திருந்தது.

"இரு இரு. துணி அங்கியேவா இருந்துச்சு? நல்ல துணியா?"

"பணக்காரர் ஒருத்தர் வாங்கினது. மெல்லிசுத் துணி."

"இன்னாக்கா நீ! நல்ல துணிய வுட்டுட்டுப் பொணத்தத் தூக்கினு ஓடற திருடன் எந்த ஊர்ல இருக்கான்? போன ஆடியில எங்க வூட்ல பூந்தவன் அரமொழம் பட்டக்கூட வுடல, வாரிக்கினு பூட்டான். தலத்துணிய எடுத்து ஓரமா வெச்சிட்டுப் போவானா? இது ஜல்தியில ஓடனவன் வேல இல்ல. எழுந்து, தன் துணிய தானே எடுத்து வெச்சிட்டுப் போனவரு வேல."

ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன். பாதியிலேயே அது அழுகையானது. சிறுவயதிலிருந்து எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன்! எனக்குள் இறங்கியது, வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்கேற்றுகிற ஒருத்தி சொன்னதுதான்.

அழுகை அடங்கியதும் அவள் ஆணியைப் பார்த்தாள். "அதயும் மடிச்சு வெய்க்கா."

"மடிச்சா அவன் இனிமே இல்லன்னு ஆயிடுமே."

"யார் சொன்னது? நாங்க சீலய மடிக்கிறது முடிஞ்சு போச்சுன்னா? ஒருத்தி பிரிச்சுக் கட்டுவான்னுதான?"

சட்டையை நானே மடித்தேன். ஓரம் கோணிக்கொண்டு போனது. சரசு வாயே திறக்கவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிறகு முகம் கழுவிக்கொண்டு போய், கடைசிப் பாட்டுக்குக் கடைசி பெஞ்சில் நின்றேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் போர்வையை மடிப்பதுதான் என் முதல் ஜெபம். 'எழுந்துவிட்டேன் ஆண்டவரே' என்பதைத் தவிர அதில் பெரிதாக வார்த்தை கிடையாது.

எண்பதுகளில் மாற்றலாகி வந்துவிட்டேன். அந்த எக்ஸ்சேஞ்ச் இல்லை. வீட்டை இடித்ததில் ஆணி அடித்த சுவரும் போயிற்று. சரசு போன வருடத்துக்கு முந்தின வருடம் இறந்துபோனாள் என்ற செய்தி ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு வந்தது.

படத்தைப் பார்த்த கோபத்தோடு இன்று பெட்டியைத் திறந்தேன். சட்டை அதே கோணல் மடிப்பில் இருக்கிறது. முகத்தில் வைத்துப் பார்த்தேன், வாசனை கொஞ்சமும் இல்லை. மடிப்பை நான் பிரிக்கவில்லை. அது அவன் வந்து பிரிக்க வேண்டியது.