பூரணி கழுவிய பாறை

பூரணிக்குக் களை என்றால் ஜென்மப் பகை. நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருசம் கொழுந்து பறித்தவள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவள். புல்லு வெட்டப் போனால் அவள் நிரையில் ஒரு பச்சை மிஞ்சாது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு செல்லசாமி மற்றவர்களைக் கூட்டிவந்து காட்டி, "இப்புடி இருக்கணும்" என்பார். பென்சன் எடுத்த பிறகும் அந்தப் பெருமை அவளுக்குத் தீரவில்லை.

அதுதான் வினையாகிப் போனது. கைவிட்ட தேயிலை மலையொன்றைக் காடாக்கும் காப்பகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. பொறுப்பாளர் தனுஜா, "பாதையத் துப்புரவா வச்சுக்கிட்டாப் போதும் அக்கா" என்றுதான் சொன்னாள். பூரணிக்குப் பாதையோடு நிற்க மனம் வரவில்லை. ஓரத்துத் தட்டைப்பாறையைச் சுற்றி மண்டியிருந்ததையெல்லாம் வேரோடு பிடுங்கினாள். பாறைமேல் காய்ந்து கிடந்த எச்சத்தைக் கண்டு முகம் சுளித்து, அதையும் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவினாள்.

தனுஜா வந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அது மரநாய் போட்டது அக்கா. காட்டுல கித்துள் பழம் தின்னுட்டு ராத்திரியில இந்தப் பாறைக்குத்தான் வரும். கொட்டை அதோட வெளிய வந்து மொளைக்கும். நாங்க மூணு வருசமா நட்டது ஒண்ணும் புடிக்கல. அது போட்டதுதான் புடிச்சிச்சு. நீங்க புடுங்கினதுல அந்தக் கன்னுங்களும் போயிருச்சு."

"இனிமே வராதா மிஸ்?"

"தெரியலையே அக்கா."

பேர் வாங்கித் தந்த கையே இப்படிச் செய்துவிட்டதே என்று பூரணிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. பிடுங்கிப் போட்ட குவியலைக் கிளறி, வேரில் ஈரம் காயாத பதினொரு கன்றுகளைப் பொறுக்கித் திரும்ப நட்டாள். தோட்டத்து நாற்றுத் தவறணையில் இளந்தேயிலைக்குச் செய்வதுபோல ஒவ்வொன்றுக்கும் பெரணி இலை குத்தி நிழல் கொடுத்தாள். நாலுதான் தேறின. பாறையோ கழுவி வைத்த சட்டிபோலக் கிடந்தது. தினமும் வேலைக்கு வந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பாள். ஐந்து வாரம் வெறும் பாறைதான்.

ஆறாவது வாரத்தில் ஒரு காலை, பாறை நடுவில் புது எச்சம். உள்ளே நிறையக் கித்துள் கொட்டை. பூரணிக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொள்ளக்கூட மறந்துபோனாள்.

மறுவருசம் மழை விட்ட பிறகு செல்லசாமி அந்தப் பக்கம் வந்தார். பாறையைச் சுற்றிச் சாண் உயரத்துக்குப் பச்சை.

"என்ன பூரணி, ஒன் நிரையில இம்புட்டுப் புல்லா? பேரக் கெடுத்துக்கிட்டியே."

"புல்லு இல்லீங்கய்யா. ராத்திரிப் பெரட்டுக்கு வர்ற ஆள் நட்டது. மிதிச்சிறாம அந்தப் பக்கமா சுத்தி வாங்க."

செல்லசாமி வைக்கப்போன காலைப் பின்னுக்கு எடுத்தார். பிறகு சுற்றிக்கொண்டு போனார். பூரணி சொல்லி அவர் வழி மாறி நடந்தது அன்றைக்குத்தான்.