ரூத்துக்கு முடிந்த காசு

சவரியம்மாளுக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிக்க நன்றாகவே வரும். ஆனால் செஞ்சிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த கிடங்கில் அவளை யாரும் உரிக்க விட்டதில்லை. அங்கே ஒரு வழக்கம். விதைக்கு மல்லாட்டை உரிக்கிற பெண்களில் ஒருத்தி கதை படிப்பாள். மற்றவர்கள் தாங்கள் உரித்த பருப்பில் ஆளுக்கு ஒரு கை அள்ளி அவள் முறத்தில் போடுவார்கள். சாயங்காலம் அதை அளந்து அவளுக்கும் கூலி. கன்னியாஸ்திரீகளிடம் எட்டாவது வரை படித்து, அதோடு நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்ட சவரியம்மாளுக்கு, அந்தப் படிப்பு உதவிய ஒரே இடம் இதுதான்.

அவள் படித்ததெல்லாம் மாதா கோயில் அலமாரியிலிருந்து கொண்டுவருகிற வேதக்காரக் கதைகள். எண்பத்து மூன்றாம் வருஷத்து ஆனி மாதம் சலோமியின் கதை ஓடிக்கொண்டிருந்தது. கப்பலேறிய புருஷன் திரும்பவில்லை. ஒரே மகள் ரூத் படுத்த படுக்கை. சலோமி முழங்காலிலேயே கிடக்கிறாள். இது கதை என்ற நினைப்பே பெண்களுக்குப் போய்விட்டது. அவர்களில் மெஹர் பானு, தர்காவில் ரூத்துக்காகத் துவா கேட்டுவிட்டு வந்தாள். குஞ்சம்மாள் அதற்கும் ஒருபடி மேலே போனாள். அங்காளம்மனுக்கு நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் இரண்டு காசு முடிந்தாள். ஒன்று தன் மகள் பூங்காவனத்துக்கு, இன்னொன்று ரூத்துக்கு.

பூங்காவனத்துக்கு எட்டு வயசு, இதயத்தில் கோளாறு. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டிருந்தார்கள்.

"அந்தப் பொண்ணு பொழச்சா எம் பொண்ணும் பொழச்சிக்கும். நீ இன்னாக்கா சொல்ற?" என்றாள் குஞ்சம்மாள்.

சவரியம்மாள் என்ன சொல்வாள்? அடுத்த அதிகாரத்தை வீட்டிலேயே படித்துவிட்டிருந்தாள். ரூத் செத்துப்போகிறாள். பாவி, அவசரப்பட்டு முன்னாடியே ஏன் படித்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் கதை அந்த இடத்துக்கு வந்தபோது எல்லார் கையும் நின்றுவிட்டது. குஞ்சம்மாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் இல்லாத ஒரு வரி சவரியம்மாள் வாயில் வந்தது. "ரூத் கண்ணைத் திறந்து, அம்மா, பசிக்கிறது என்றாள்."

கிடங்கே கலகலவென்றாயிற்று. அன்றைக்கு அவள் முறத்தில் ஆளுக்கு இரண்டு கை விழுந்தது. குஞ்சம்மாள் வேலையைப் போட்டது போட்டபடி மகளிடம் சொல்ல ஓடினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூங்காவனம் போய்விட்டாள்.

பால் தெளித்து முடித்ததும் குஞ்சம்மாள் வேலைக்கு வந்துவிட்டாள். அழவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட எழுந்து போனதும், சவரியம்மாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"சலோமி மாதிரியேதான நானும் வேண்டிக்கினேன்? அவ பொண்ணு எழுந்துக்குச்சி. எம் பொண்ணு எழுந்துக்கல. எனக்குத்தான் நம்பிக்க பத்தலியாக்கா?"

நல்லது என்று நினைத்துச் சொன்ன பொய் இவள் நெஞ்சில் இப்படியா போய் உட்கார வேண்டும்?

"குஞ்சு, நான் பொய் படிச்சேன்டி. ரூத்தும் செத்துட்டா. சலோமி அவ்ளோ வேண்டியும் அவ பொழைக்கல. இதோ எழுதியிருக்குது, கேளு."

புத்தகத்தைப் பிரித்து, ஒரு எழுத்து விடாமல் படித்தாள். சலோமி மகளின் சட்டையை முகத்தில் பொத்திக்கொண்டு, என் ஜெபத்தில் என்ன குறை கண்டீர் என்று ஆண்டவரைக் கேட்கிறாள். குறை ஒன்றும் உன்னிடத்தில் இல்லை என்று ஒரு கிழவி அவளைக் கட்டிக்கொள்கிறாள். குஞ்சம்மாளுக்கென்றே எழுதியது போல இருந்தது.

குஞ்சம்மாள் கடைசிவரை கேட்டாள். பிறகு தன் பருப்பில் ஒரு கை அள்ளி, வழக்கப்படி சவரியம்மாள் முறத்தில் போட்டாள்.

"இப்பதான் எனக்காவ மாத்திப் படிக்கிறக்கா. நல்ல மனசு உனக்கு. ஆனா அந்தப் பொண்ண சாவடிக்காத. அதுவாவது இருக்கட்டும்."

"மாதா மேல ஆணைடி! இந்தா, பாரு!" சவரியம்மாள் வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். எழுத்துத் தெரியாத குஞ்சம்மாள் அந்த விரலைப் பார்த்தாள். மெதுவாக அதைப் பிடித்து எடுத்துவிட்டு, புத்தகத்தைத் தானே மூடி அவள் மடியில் வைத்தாள்.